டாக்டருக்குப் படிக்கிறவங்களுக்கே ஊசின்னா பயமா? விரல் நுனியில குத்தும்போது என்னதான் நடக்குது

எம்பிபிஎஸ் ஃபர்ஸ்ட் இயர்ல உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்கற பிசியாலஜி லேப்னு ஒண்ணு உண்டு, அதுல ஆரம்பத்துல கொஞ்ச மாசம் முழுக்க ரத்தம்தான். ஹீமோகுளோபின் எவ்ளோ, சிவப்பணு எத்தனை, வெள்ளையணு எத்தனை, ரத்த குரூப் என்ன, ரத்தம் நிக்க எத்தனை நிமிஷம், உறைய எத்தனை நிமிஷம், இதெல்லாம் கையால செஞ்சு பார்த்து ரெக்கார்ட் நோட்ல எழுதி கையெழுத்து வாங்கணும். சரி, ரத்தம் யாரோடதுன்னு கேட்டீங்கன்னா, அவங்கவங்களோடதுதான். இடது கை மோதிர விரல்ல லான்செட்னு ஒரு குட்டிக் கத்தி மாதிரி இருக்கறதை வச்சு தானே குத்திக்கணும். வெளியில இருக்கறவங்க நிறைய பேருக்கு இது தெரியாது, "ஏன்டா டாக்டராகப் போறவன் ஊசிக்குப் பயந்தா எப்படி"ன்னு சிரிப்பாங்க, ஆனா அந்த லேப்ல நின்னு பார்த்தவங்களுக்குத் தெரியும், பயாலஜியில நூத்துக்கு நூறு வாங்கிட்டு வந்த புள்ளை ஸ்பிரிட் தடவின விரலை நீட்டிக்கிட்டு, இன்னொரு கையில லான்செட்டைப் புடிச்சுக்கிட்டு, குத்தவும் முடியாம கீழ வைக்கவும் முடியாம அப்படியே நிக்கும். பக்கத்துல இருக்கறவன்கிட்ட "மச்சி நீயே குத்திடுடா, ஆனா சொல்லிட்டு குத்து", அடுத்த நொடியே "வேணாம் வேணாம் சொல்லாமயே குத்து". இந்த ரெண்டும் ஒரே ஆள் சொல்றதுதான்.

இதைப் பத்தி கொஞ்சம் தெளிவா எழுதணும்னு ரொம்ப நாளா நினைப்பு. ஏன்னா இதுல மூணு வேற வேற விஷயம் ஒண்ணா கலந்து கிடக்குது. விரல்ல வர்ற வலி ஒண்ணு. குத்துறதுக்கு முன்னாடியே வர்ற பயம் ஒண்ணு. அப்புறம், ஊசியையோ ரத்தத்தையோ பார்த்ததும் மயங்கி விழறது ஒண்ணு. மூணையும் சேர்த்து "பயந்தாங்கொள்ளி"ன்னு ஒரே பேர் வச்சுடறாங்க. மூணுக்கும் காரணம் வேற, மூணுக்கும் செய்ய வேண்டியதும் வேற, அதுலயும் மூணாவதுக்கு நாம எல்லாரும் வழக்கமா சொல்ற அட்வைஸ் நேர் எதிரா வேலை செய்யும், அதைக் கடைசியில சொல்றேன்.

முதல்ல வலி. உடம்புல எவ்ளோ இடம் இருக்கு, ஏன் விரல் நுனியில குத்தினா மட்டும் இவ்ளோ சுருக்குன்னு இருக்குது? நுனியில நரம்பு முனைகள் அவ்ளோ நெருக்கமா இருக்கு, அதான் காரணம். இதை நீங்களே டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம், ஒருத்தரைக் கண்ணை மூடச் சொல்லிட்டு ஒரு ஹேர்பின்னோட ரெண்டு முனையையும் அவங்க விரல் நுனியில வைங்க, முனைகளுக்கு நடுவுல ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான் இடைவெளின்னாலும் "ரெண்டு இடத்துல தொடுது"ன்னு சரியா சொல்லிடுவாங்க. அதையே முதுகுல வச்சீங்கன்னா நாலு சென்டிமீட்டர் கிட்ட விலகினாத்தான் ரெண்டுன்னு தெரியும். மூளையிலயும் தொடுஉணர்ச்சிக்குன்னு இருக்கற பகுதியில கைவிரலுக்கு ஒதுக்கின இடம் முதுகு முழுசுக்கும் ஒதுக்கினதை விடப் பெருசு. பேனா புடிக்க, பூ கட்ட, சட்டைப் பட்டன் போட, செல்போன் தடவ இந்த நுணுக்கம் வேணும், அதுக்கு நாம குடுக்கற விலைதான் இந்த சுருக்.

குத்தினதும் வர்ற வலியே ரெண்டு தவணையா வருதுன்னு கவனிச்சிருக்கீங்களா? முதல்ல "சுருக்"னு ஒரு கூர்மையான வலி, எங்க குத்துச்சுன்னு அச்சா காட்டிடும், உடனே போயிடும். அது அடங்கினதுக்கு அப்புறம் மெதுவா ஒரு எரிச்சல், ஒரு விண்விண், அது கொஞ்ச நேரம் நிக்கும். ரெண்டும் வேற வேற நரம்பு வழியா வருது. முதல் வலியைக் கொண்டு போறது ஏ டெல்டா நார்கள், மேல மெலிசா ஒரு மயலின் உறை இருக்கறதால செகண்டுக்கு 5லிருந்து 30 மீட்டர் வேகத்துல செய்தி ஓடும். ரெண்டாவதைக் கொண்டு போறது சி நார்கள், உறையே கிடையாது, செகண்டுக்கு அரை மீட்டர்லிருந்து ரெண்டு மீட்டர்தான். விரல்லிருந்து தண்டுவடம் வரைக்கும் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் தூரம்னு வச்சுக்கிட்டா முதல் வலி கண் இமைக்கிற நேரத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடும், ரெண்டாவது ஆடி அசைஞ்சு ஒரு செகண்ட் கழிச்சு வரும். பரீட்சையில ஃபாஸ்ட் பெயின் ஸ்லோ பெயின்னு ரெண்டு மார்க் கேள்வி வருமே, அதை மனப்பாடம் பண்ணத் தேவையே இல்ல, விரல்லயே டெமோ இருக்கு.

அடுத்து 1965ல ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால்னு ரெண்டு பேர் சொன்ன கேட் கன்ட்ரோல் தியரி. சுருக்கமா சொன்னா, வலிச் செய்தி தண்டுவடத்துல நுழையற இடத்துல ஒரு கதவு மாதிரி ஏற்பாடு இருக்கு, தொடுறது, தேய்க்கிறது, அழுத்துறது மாதிரி உணர்ச்சிகளைக் கொண்டு வர்ற தடிமனான நரம்புகள் அதே நேரத்துல வேலை செஞ்சா அந்தக் கதவு கொஞ்சம் சாத்திக்கும், வலி குறைச்சலா உள்ள போகும். அந்தத் தியரியில சொன்ன நுணுக்கமான வயரிங் எல்லாம் அப்படியே நிக்கலை, பின்னாடி நிறைய திருத்தம் வந்துச்சு, ஆனா அடிப்படை விஷயம் நின்னுச்சு. முட்டியில இடிச்சுக்கிட்டா உடனே கையால தேய்க்கறோம்ல, பாட்டி ஊதி விட்டு நீவி விடுவாங்கல்ல, அதுக்குப் பின்னாடி இருக்கறது இதுதான். லேப்ல இதை எப்படி யூஸ் பண்றதுன்னா, குத்துறதுக்கு முன்னாடி அந்த விரலோட அடிப்பகுதியிலிருந்து நுனி வரைக்கும் நல்லா நீவி விடுங்க, குத்துற நொடியில விரலோட ரெண்டு பக்கத்தையும் கட்டைவிரலால கெட்டியா புடிச்சுக்கோங்க. வலி காணாமப் போயிடும்னு சொல்லலை, குறையும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். நான் பார்த்த வரைக்கும் லேப்ல நடக்கற வலியில பெரும்பகுதிக்குக் காரணம் குத்து ஆழமா போனது கிடையாது, குத்து பயந்து பயந்து பாதியில நின்னது. தானே தன்னைக் குத்திக்கும்போது கை கடைசி நொடியில பின்வாங்கிடும், இது எல்லாருக்கும் நடக்கும். லான்செட் தோலைக் கீறிட்டு நின்னுடும். வலி முழுசா வந்துடுச்சு, ரத்தம் மட்டும் வரலை, வந்தாலும் கடுகளவு. உடனே என்ன பண்ணுவாங்க, விரலைப் புடிச்சு பிதுக்கு பிதுக்குன்னு பிதுக்குவாங்க. அது தனி வலி. பிதுக்கினா ரத்தத்தோட சேர்ந்து திசுவுக்குள்ள இருக்கற தண்ணியும் வரும், ரத்தம் நீர்த்துப் போகும், ஹீமோகுளோபினும் கவுன்ட்டும் குறைச்சலா காட்டும், சிவப்பணு உடையவும் செய்யும். இதுக்குள்ள நேரம் போயிடுறதால பிப்பெட்ங்கற மெலிசான கண்ணாடிக் குழாய்ல ஏறின ரத்தம் பாதியிலயே உறைஞ்சு அடைச்சுக்கும். சிவப்பணு எண்றதுக்கு இருக்கற ஆர்பிசி பிப்பெட்ல 0.5 கோடு வரைக்கும் ஒரே சீரா ரத்தம் ஏறணும், நடுவுல காத்துக் குமிழி வந்தா போச்சு, திரும்ப முதல்லேருந்து. ஆக பயத்துல குறைச்சலா குத்தினவங்கதான் ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு குத்திக்கிட்டே இருக்காங்க. தைரியமா ஒரே குத்து குத்தினவன் சோதனையை முடிச்சுட்டு கேன்டீனுக்குப் போயிட்டான்.

இதுலயே இன்னொரு கொடுமை இருக்கு. பயம் வந்தா கை ஜில்லுன்னு ஆகும்ல, அது ஆபத்துன்னா உடம்பை உஷார்படுத்தற சிம்பதெடிக் நரம்பு மண்டலம் விரல்ல இருக்கற ரத்தக் குழாயை எல்லாம் சுருக்கிடறதால. லேப்ல ஏசி வேற ஓடுச்சுன்னா கேக்கவே வேணாம். சுருங்கின குழாய்லேருந்து ரத்தம் எப்படி வரும்? அதனால பயந்தவங்களுக்கு சரியா குத்தினாக்கூட ரத்தம் கம்மியா வரும், "எனக்கு ரத்தமே இல்ல போல மேடம்"னு ஒரு புள்ளை சொல்லும், கூட இருக்கறதுங்க சிரிக்கும். வழி ரொம்ப சிம்பிள். கையை வெதுவெதுப்பான தண்ணியில கழுவுங்க, இல்லன்னா ரெண்டு உள்ளங்கையையும் சூடு வர்ற வரைக்கும் தேயுங்க, அப்புறம் கையை இடுப்புக்குக் கீழ தொங்கப் போட்டு ஒரு நிமிஷம் உதறி விடுங்க. இந்த ஒரு நிமிஷத்தை யாருமே செலவு பண்றதில்ல, எல்லாருக்கும் அவசரம்.

எந்த விரல், எந்த இடம்ங்கறதும் சும்மா சம்பிரதாயத்துக்கு சொல்றது கிடையாது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் வேணாம்னு சொல்றதுக்குக் காரணம், அந்த ரெண்டு விரலோட தசைநாண் உறை மட்டும் உள்ளங்கை வரைக்கும் நீண்டு போகுது, ஏதாவது சீழ் புடிச்சா மேல பரவ வழி இருக்கு. சுண்டுவிரல்ல தோலுக்கும் எலும்புக்கும் நடுவுல சதையும் கம்மி. ஆள்காட்டி விரலை நாள் முழுக்க எல்லாத்துக்கும் யூஸ் பண்றோம், அதனால மிச்சம் நடுவிரலும் மோதிரவிரலும். அதுலயும் நட்ட நடுவுல குத்தாதீங்க, கொஞ்சம் பக்கவாட்டுல, நகத்தை ஒட்டியும் போகாம. நடு நுனியிலதான் நரம்பு முனை ரொம்ப அடர்த்தி, அங்கதான் அப்புறம் பேனா அழுத்தும். ரேகைக்குக் குறுக்கால வெட்டுற மாதிரி குத்தினா ரத்தம் உருண்டையா நிக்கும், ரேகையோட போக்குலயே குத்தினா வழிஞ்சு ஓடும். வீட்டுல குளுக்கோமீட்டர் வச்சிருக்கற சுகர் பேஷன்ட்டுங்க இதையெல்லாம் அனுபவத்துலயே கண்டுபுடிச்சு வச்சிருப்பாங்க, பத்து வருஷமா குத்திக்கற ஒரு அம்மாகிட்ட கேட்டா சீனியர் சொல்றதை விட நல்லா சொல்லிக் குடுப்பாங்க.

அப்புறம் ஸ்பிரிட். தடவிட்டு அது காயற வரைக்கும் இருக்கணும். ஈரத்தோட குத்தினா அந்தக் காயத்துல ஸ்பிரிட் இறங்கி எரியும், நிறைய பேர் "குத்து வலிக்குது"ன்னு சொல்றது உண்மையில இந்த எரிச்சலைத்தான். ஈரத்துல ரத்தமும் பரவிடும், உருண்டையா நிக்காது. முதல் சொட்டைப் பஞ்சால துடைச்சுட்டு ரெண்டாவது சொட்டுலேருந்து எடுக்கணும். பிளீடிங் டைம், அதாவது ரத்தம் நிக்க எவ்ளோ நேரம்னு பார்க்கும்போது மட்டும் துடைக்கறது, பிதுக்கறது எதுவும் கூடாது, 30 செகண்டுக்கு ஒரு தடவை ஃபில்டர் பேப்பரை மெதுவா ஒத்தணும். இந்த முறையை 1910ல எழுதின டியூக்ங்கற டாக்டர் காது மடல்லதான் குத்தினார், அங்க நரம்பு கம்மி, வலியும் கம்மி. நாம அதை விரலுக்கு மாத்தி வச்சுக்கிட்டோம், தன் காதைத் தானே பார்த்துக் குத்த முடியாதுல்ல.

லான்செட்லயும் வித்தியாசம் இருக்கு. கையால குத்தற தட்டையான லான்செட் விலை கம்மி, அதனால நிறைய காலேஜ்ல அதான். ஸ்பிரிங் வச்ச பேனா மாதிரி சாதனம் இருக்கே, அதுல ஆழத்தை முன்னாடியே செட் பண்ணிடலாம், பட்டன் அமுக்கினா கண்ணுக்குத் தெரியற வேகத்தை விட வேகமா போய்ட்டு திரும்பிடும், கை பின்வாங்கற பிரச்சினையே கிடையாது. ஊசியோட கேஜ் நம்பர் பார்க்கும்போது ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, நம்பர் கூடக் கூட ஊசி மெலிசு, 30 கேஜ் ஊசி 21 கேஜை விட ரொம்பவே மெலிசு. ஆனா ரொம்ப மெலிசானதுல ஹீமோகுளோபினுக்கு வேணும்ங்கற 20 மைக்ரோலிட்டர் வர்றதுக்கே சமயத்துல திணறும். என்னைக் கேட்டா, காலேஜ்கள் மைக்ரோஸ்கோப் வாங்கற காசுல கொஞ்சத்தை ஸ்பிரிங் லான்செட்டுக்குப் போட்டா அந்த லேப்ல பாதி அழுகை குறையும். ஆனா ஒண்ணு, அந்தப் பேனாவை ஆளுக்கு ஆள் மாத்தி யூஸ் பண்ணக்கூடாது, ஊசியை மட்டும் மாத்தினாலும் பத்தாது, அதோட வாய்ல ரத்தம் ஒட்டியிருக்கும். அங்க தேவை ஒரு ஆளுக்கு ஒண்ணுன்னு தூக்கிப் போடற டைப்.

பயம் எங்கேருந்து வருது

வலி இவ்ளோதான்னு சொல்லியாச்சு, அப்ப பயம் மட்டும் ஏன் இவ்ளோ பெருசு? ஊசி பயம் சின்னப் புள்ளைங்ககிட்ட ரொம்ப அதிகம், வயசு ஏற ஏறக் குறையும், ஆனா முழுசா போயிடாது. 2019ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல, டீன் வயசுல 20லிருந்து 50 சதவீதம் பேருக்கும், இருபதுகள்ல இருக்கற இளைஞர்கள்ல 20லிருந்து 30 சதவீதம் பேருக்கும் ஏதோ ஒரு அளவுல ஊசி பயம் இருக்குன்னு கணக்கு சொல்லியிருந்தாங்க. எம்பிபிஎஸ் சேர்ற வயசு சரியா இந்த ரெண்டுக்கும் நடுவுல. நீட் எக்ஸாம்ல ஓஎம்ஆர் ஷீட்தான் இருந்துச்சு, யாரும் விரலை நீட்டச் சொல்லலையே, அப்ப ஊர்ல இருக்கற அதே பயம்தான கிளாஸ்லயும் இருக்கும்.

நம்ம ஊர்ல இதுக்குன்னு தனியா ஒரு ட்ரெயினிங்கே நடக்குது. "சாப்பிடலைன்னா டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லிடுவேன்"ங்கற வசனத்தைக் கேக்காம வளர்ந்த புள்ளை எத்தனை பேர் இருக்காங்க? சோறு ஊட்ட பூச்சாண்டி, போலீஸ், ஊசி, இந்த மூணுதான் ஆயுதம். பூச்சாண்டி வரமாட்டான்னு அஞ்சு வயசுல தெரிஞ்சுடும், போலீஸ்காரர் நம்ம வீட்டுக்கு வரமாட்டார்னு கொஞ்சம் லேட்டா தெரியும், ஆனா ஊசி நிஜமாவே வரும், வந்து நிஜமாவே வலிக்கும். தடுப்பூசி போடும்போது நாலு பேர் அமுக்கிப் புடிச்சுக்கிட்ட ஞாபகம் இருந்தா அதோட சேர்ந்து "என்னால தப்பிக்க முடியாது"ங்கற உணர்ச்சியும் பதிஞ்சிருக்கும். அதனாலதான் பெரியவங்களான பிறகும் பயம் ஊசி முனையைப் பத்தி மட்டும் இருக்காது, ஸ்பிரிட் வாசனை வந்ததுமே வயிறு கலங்கும்.

எதிர்பார்ப்பு வேற வலியைக் கூட்டும். குத்தப் போறவர் "கொஞ்சம் வலிக்கும், ரொம்ப வலிக்கும், பல்லைக் கடிச்சுக்கோ"ன்னு வலியைப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தா மூளை அதுக்கு ரெடியா உக்காந்திருக்கும், வலி கூடுதலா தெரியும். அதுக்காக "வலிக்கவே வலிக்காது"ன்னு பொய்யும் சொல்லாதீங்க, ஒரு தடவை பொய்யின்னு தெரிஞ்சா அடுத்த தடவை நம்பிக்கையே போயிடும். "இப்ப குத்தறேன், ஒரு செகண்ட்"னு சொல்லிட்டு குத்துங்க, போதும். பார்க்கணுமா வேணாமாங்கறதை குத்து வாங்கறவங்ககிட்ட விட்டுடுங்க, சிலருக்குப் பார்த்தாத்தான் நிம்மதி, சிலருக்குத் திரும்பிக்கிட்டாத்தான்.

இன்னொண்ணு கவனிச்சிருக்கேன், அனாடமி டிசெக்‌ஷன் ஹால்ல அறுத்துப் படிக்கற பொணம் (கடவர்) முன்னாடி சாதாரணமா நிக்கற பையன் பிசியாலஜி லேப்ல கடுகளவு ரத்தத்துக்கு வெளிறிப் போவான். அடுத்தவங்களுக்கு ஊசி போடறதுல பிரச்சினையே இல்லாதவங்க தனக்குப் போடும்போது கண்ணை இறுக்கி மூடிக்குவாங்க, சர்வீஸ்ல ரொம்ப வருஷம் இருக்கற ஸ்டாஃப் நர்ஸ்கூட. அதனால தன் விரலைக் குத்திக்கப் பயப்படறவங்க நல்ல டாக்டராக முடியாதுன்னு சொல்றதுல ஒரு அர்த்தமும் இல்ல.

மயங்கி விழறவங்க கதை வேற

பாம்பைப் பார்த்தா, உயரத்துல நின்னா பயந்தவங்களுக்கு என்ன ஆகும்? நெஞ்சு படபடன்னு அடிக்கும், பிபி ஏறும், ஓடத் தோணும். பயந்து மயங்கி விழறது அங்கெல்லாம் ரொம்ப அபூர்வம், பிபி ஏறியிருக்கும்போது எப்படி மயக்கம் வரும்? ஆனா ரத்தம், ஊசி, காயம் இந்த மூணையும் பார்த்தா சிலருக்கு மட்டும் உடம்பு ரெண்டு கட்டமா நடந்துக்கும். முதல்ல வழக்கம்போல துடிப்பும் பிபியும் ஏறும். அப்புறம் திடீர்னு ரெண்டும் விழும். வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்கும், ரத்தக் குழாய்கள் தளர்ந்து விரியும், ரத்தம் கால்ல வயித்துல தேங்கும், மூளைக்குப் போறது குறையும், ஆள் சாஞ்சுடுவாங்க. இதுக்கு வேசோவேகல் மயக்கம்னு பேர். மனநல டாக்டர்கள் வச்சிருக்கற ஃபோபியா பட்டியல்லயே ரத்தம் ஊசி காயம்னு இதைத் தனி வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. குடும்பத்துலயும் ஓடும், விசாரிச்சுப் பார்த்தா அப்பாவோ அத்தையோ ரத்தம் பார்த்தா விழறவங்களா இருப்பாங்க. இது மனசு தைரியமா இருக்கறதால நிக்காது, அது ஒரு ரிஃப்ளெக்ஸ், பயமே இல்லைன்னு சொல்றவங்ககூட விழுவாங்க.

முன்னறிவிப்பு இருக்கும். கொட்டாவி வரும், வேர்த்து ஊத்தும், உதடு வெளுக்கும், குமட்டும், காது அடைச்ச மாதிரி இருக்கும், கண்ணு ஓரத்துலேருந்து இருட்டிக்கிட்டு வரும். காலையில மெஸ்ல சாப்பிடாம ஓடி வந்தவங்க, ராத்திரி தூங்காதவங்க, புழுக்கத்துல ரொம்ப நேரம் நின்னவங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். லேப் ஸ்டூலுக்கு முதுகு சாயற பலகை கிடையாது, அதுலேருந்து பின்னாடி விழுந்து மண்டை அடிபடறதுதான் இதுல உண்மையான ஆபத்து, குத்துல ஒண்ணும் இல்ல. அதனால முன்னாடி எப்பவாவது மயங்கியிருந்தா வெக்கப்படாம டியூட்டர்கிட்ட சொல்லிட்டு பெஞ்சுலயோ தரையிலயோ படுத்துக்கிட்டே குத்திக்கோங்க.

யாராவது விழுந்துட்டா தூக்கி உக்கார வைக்காதீங்க. நம்ம ஆளுங்க முதல்ல செய்யறதே அதுதான், நாலு பேர் சுத்தி நின்னு தூக்கி நாற்காலியில சாத்தி வாயில தண்ணியை ஊத்துவாங்க. படுக்க வச்சு காலை உயர்த்துங்க, மூளைக்கு ரத்தம் திரும்பிடும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள்ள முழிச்சுக்குவாங்க. மயங்கும்போது சிலருக்குக் கை கால் நாலஞ்சு தடவை வெட்டி இழுக்கும், அதைப் பார்த்துட்டு வலிப்புன்னு நினைச்சு கையில சாவிக்கொத்தைத் திணிக்க ஓடாதீங்க, நிஜ வலிப்புக்கே அது உதவாது. ஆனா ஒரு நிமிஷத்துக்கு மேல முழிக்கலைன்னா, நெஞ்சு வலின்னு சொன்னா, தலையில அடிபட்டிருந்தா கேஷுவல்ட்டிக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, ஆஸ்பத்திரி பக்கத்துலதான இருக்கு.

இப்ப நான் முன்னாடி சொன்ன அந்த எதிர் அட்வைஸ். ஊசின்னா பயமா இருக்குன்னு சொன்னதும் எல்லாரும் சொல்றது "மூச்சை நல்லா இழுத்து விடு, உடம்பைத் தளர்த்திக்கோ, ரிலாக்ஸ்". படபடப்பு மட்டும் வர்றவங்களுக்கு இது சரி. மயங்கறவங்களுக்கு பிபி ஏற்கெனவே விழப் போகுது, அவங்களைப் போய் இன்னும் தளர்த்திக்கச் சொன்னா? அவங்களுக்கு வேண்டியது இறுக்கம். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரன் ஓஸ்ட் 1980கள்ல இதுக்குன்னே ஒரு முறையை உருவாக்கினார், அப்ளைடு டென்ஷன்னு பேர். தொடை, கெண்டைக்கால், வயிறு, கை எல்லாத் தசையையும் சேர்த்து 10லிருந்து 15 செகண்ட் இறுக்கிப் புடிக்கணும், முகத்துல சூடு ஏறற மாதிரி தெரியும், அப்ப விடணும். விடறதுன்னா சுத்தமா தொளதொளன்னு விடறது கிடையாது, சாதாரண நிலைக்கு வர்றது. 20, 30 செகண்ட் கழிச்சு திரும்ப. இப்படி அஞ்சு தடவை. தசை இறுகும்போது கால்ல தேங்கின ரத்தம் மேல தள்ளப்படும், பிபி விழாது. விரல் குத்தும்போது குத்தற கையை மட்டும் லூஸா விட்டுடுங்க, கால், வயிறு, இன்னொரு கை இதெல்லாம் இறுக்கினா போதும். லேப் அன்னிக்கு முதல் தடவையா ட்ரை பண்ணாம ஒரு வாரம் முன்னாடியே ஹாஸ்டல் ரூம்ல பழகி வச்சுக்கோங்க.

பயம் ரொம்ப முத்திப் போய் தடுப்பூசியே போடாம தள்ளிப் போடறது, ரத்த டெஸ்ட்டுக்குப் பயந்து காய்ச்சலை மறைக்கறது, லேப் நாள் வந்தாலே லீவ் போடறதுன்னு மாசக்கணக்கா போச்சுன்னா அது ஃபோபியா. அதுக்கு வைத்தியம் இருக்கு, காலேஜ்லயே சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட் இருக்கும். முதல்ல ஊசி படம், அப்புறம் ஊசியில்லாத சிரிஞ்சைக் கையில வச்சிருக்கறது, அப்புறம் அடுத்தவங்க குத்திக்கறதைப் பக்கத்துல நின்னு பார்க்கறது, இப்படிப் படிப்படியா பழக்குவாங்க, ஒவ்வொரு படியிலயும் பயம் தானா அடங்கற வரைக்கும் நிக்கணும், பாதியில ஓடிட்டா பயம் இன்னும் கெட்டியாயிடும்.

டியூட்டர்களுக்கும் ஒரு வார்த்தை. பிளீடிங் டைமுக்கு உயிருள்ள விரல் வேணும், ஒத்துக்கறேன். ஆனா ஹீமோகுளோபின், செல் கவுன்ட் கத்துக்க ஆஸ்பத்திரி லேப்லேருந்து உறையாம இருக்க மருந்து கலந்த ரத்தம் வாங்கிக்கூட செய்யலாம், டெக்னிக் ஒண்ணும் குறைஞ்சுடாது. முடியவே முடியாதுங்கற புள்ளையை எல்லார் முன்னாடியும் நிக்க வச்சு கையைப் புடிச்சுக் குத்தறதுல அது கத்துக்கறது ஒண்ணே ஒண்ணுதான், அடுத்த வாரம் லீவ் போடறது. ரத்தம் உறையாத நோய் இருக்கறவங்க, ரத்தத்தை இளக்கற மாத்திரை சாப்பிடறவங்க இருக்காங்களான்னு குத்தறதுக்கு முன்னாடி கேட்டுடுங்க.

பயமே இல்லாதவங்களைப் பத்தியும் சொல்லணும், எனக்கு அவங்களைப் பார்த்தாத்தான் பயமா இருக்கும். ஒரே லான்செட்டை "நம்ம ரெண்டு பேர்தானே"ன்னு ரூம்மேட்டுக்குக் குடுக்கறது, குத்தினதை மேஜை மேல பஞ்சுக்கு நடுவுல வச்சுட்டுப் போறது. ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, எச்ஐவி எதுவும் முகத்தைப் பார்த்தா தெரியாது. குத்தின லான்செட் நேரா வெள்ளை நிறத்துல இருக்கற கெட்டி டப்பாவுக்குப் போகணும், 2016 பயோமெடிக்கல் வேஸ்ட் விதி அதைத்தான் சொல்லுது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூணு டோஸும் போட்டாச்சான்னு முதல் மாசமே பார்த்துக்கோங்க. அடுத்தவங்க ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திடுச்சுன்னா சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவுங்க, பிதுக்காதீங்க, வாயில வச்சு சப்பாதீங்க, உடனே போய்ச் சொல்லுங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா எவ்ளோ சீக்கிரம் ஆரம்பிக்கறமோ அவ்ளோ நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது.

எல்லாம் முடிஞ்சதும் காஞ்ச பஞ்சை வச்சு ரெண்டு மூணு நிமிஷம் அழுத்திப் புடிங்க, நடுநடுவுல எடுத்து "நின்னுடுச்சா"ன்னு பார்க்காதீங்க. மறுநாள் விரல் வீங்கி சிவந்து துடிச்சா மட்டும் காட்டணும், இல்லன்னா ரெண்டு நாள்ல எங்க குத்தினோம்னே தெரியாது. வலது கைக்காரங்களுக்கு இடது கையில குத்தச் சொல்றது எழுதறதுக்காகன்னு புக்ல போட்டிருக்கும், மத்தியானம் மெஸ்ல எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டு சாப்பிடறதுக்காகவும்தான். இடது கைக்காரங்க வலது கையில குத்திக்கிட்டு, அன்னிக்கு ஒரு நாள் ஸ்பூன் கேட்டு வாங்கிக்கோங்க.